அடுத்த குடித்தனக்காரர் வரும்வரை
வாடகையை நம்பிக் கடன் வாங்கி மாடி கட்டியவர்களுக்கு, வீடு காலியாகும்போதுதான் கணக்கு புரிகிறது

பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கிக்கொண்டு, காலி செய்யும்போது பெயிண்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்பவர். பெங்களூரில் வீட்டுக்காரர் என்றால் இதுதான் பொதுவான சித்திரம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அட்வான்ஸ் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. பல வீடுகளில் அது வங்கியில் இல்லை. மாடிச் சுவரில் இருக்கிறது.

நகரின் பழைய, புதிய லேஅவுட்களில் முப்பதுக்கு நாற்பது அடி மனைதான் நடுத்தரக் குடும்பத்தின் அளவுகோல். கீழ்த்தளத்தில் உரிமையாளர், மேலே இரண்டு மூன்று போர்ஷன்கள். ஓய்வு பெற்றபோது வந்த பணம், வங்கிக் கடன், மனைவியின் நகை எல்லாம் போட்டும் குறைகிற இடத்தை முதலில் குடிவருபவர்களின் அட்வான்ஸ் நிரப்புகிறது. அவர்கள் காலி செய்தால், அடுத்து வருபவரிடம் வாங்கி இவர்களிடம் கொடுக்க வேண்டியதுதான். டூ-லெட் பலகை தொங்கிய வாரத்திலேயே ஆள் கிடைத்தவரை இந்தச் சங்கிலி தடையில்லாமல் ஓடியது.

2020 மார்ச்சில் அது அறுந்தது. ஊரடங்கு வந்தது, மென்பொருள் நிறுவனங்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின, இளைஞர்கள் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள். தலா ரூ. 15,000 வாடகையில் மூன்று போர்ஷன் வைத்திருந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ரூ. 45,000 நின்றது மட்டுமல்ல, ரூ. 4.5 லட்சம் அட்வான்ஸைத் திருப்பியும் தர வேண்டும். தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி ஆறு மாதம் அனுமதித்தது. அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அந்த மார்ச் 29-ல் மத்திய உள்துறை ஒரு உத்தரவு போட்டது: வாடகை வீட்டிலிருக்கும் தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது, காலி செய்யச் சொன்னால் நடவடிக்கை. அதே நாளில், கொடுக்க முடியாத ஏழைகளின் வாடகையை அரசே கொடுக்கும் என்று டெல்லி முதல்வர் அறிவித்தார். வாக்குறுதியை நம்பியவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2021 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் அரசைக் கட்டுப்படுத்தும் வாக்குறுதி அது என்றார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் பெஞ்ச் அதற்குத் தடை போட்டது. இருப்பவரை வெளியேற்றக் கூடாது என்பது நியாயமான உத்தரவுதான். அதன் செலவை யார் ஏற்பது என்பதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

2022-ல் அலுவலகங்கள் திறந்ததும் காட்சி தலைகீழானது. பெங்களூரில் வாடகை எகிறியது. குடிவர விரும்புபவரை வேலைக்கு ஆள் எடுப்பதுபோல் பேட்டி கண்ட வீட்டுக்காரர்கள் நாடு முழுவதும் கேலிக்கு ஆளானார்கள். அதே நேரம் ரிசர்வ் வங்கி 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ வட்டியை 2.5 சதவீதப் புள்ளி உயர்த்தியது. 20 வருடக் கெடுவில் ரூ. 40 லட்சம் கடனுக்கு 7 சதவீத வட்டியில் மாதத் தவணை ஏறக்குறைய ரூ. 31,000. அதுவே 9.5 சதவீதம் ஆனால் ரூ. 37,300. ஏற்றிய வாடகையில் எத்தனை ரூபாய் கையில் தங்கியது என்பதைக் கேலி செய்தவர்கள் விசாரிக்கவில்லை.

வரிச் சலுகையும் சுருங்கிவிட்டது. வாடகை வீட்டின் கடன் வட்டியால் வரும் நஷ்டம் முழுவதையும் ஒருகாலத்தில் சம்பளத்தில் கழித்துக்கொள்ள முடிந்தது. 2017 பட்ஜெட் அதை ரூ. 2 லட்சத்தோடு நிறுத்தியது. புதிய வரி முறையில் அதுவும் கிடையாது.

இவ்வளவுக்கும் மேல் ஒரு பழைய பயம். பம்பாயில் 1947-ன் வாடகைச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் நிலவரத்திலேயே கட்டிப்போட்டது. அதன் பிரிவுகள் நியாயமற்றதாகிவிட்டன என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1997 ஆயிற்று. ஆண்டுக்கு 4 சதவீதம் உயர்த்தலாம் என்ற புதிய சட்டம் 2000-ல்தான் வந்தது. டெல்லிக்காக 1995-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ வியாபாரிகளின் எதிர்ப்பில் அமலுக்கே வரவில்லை. குடிவந்தவர் எழுந்திருக்க மாட்டார் என்ற அச்சம் அந்த இரு நகரங்களோடு நிற்கவில்லை. நாடெங்கும் 11 மாத ஒப்பந்தம் போடுவது, தெரிந்தவர்களுக்கு மட்டும் விடுவது, வம்பே வேண்டாமென்று பூட்டிவைப்பது எல்லாம் அதிலிருந்து வந்தவை. 2011 கணக்கெடுப்பில் நகர்ப்புறங்களில் 1.1 கோடி வீடுகள் காலி. அத்தனையும் பயத்தால் பூட்டியவை அல்ல. பயமும் ஒரு காரணம்.

2021-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த மாதிரிக் குடிவாரச் சட்டம் இந்தப் பயத்துக்கு மருந்தாக வந்தது. கெடு முடிந்தும் காலி செய்யாதவர் முதல் இரண்டு மாதம் இரு மடங்கும், பிறகு நான்கு மடங்கும் வாடகை தர வேண்டும். வழக்குகளுக்குத் தனி மன்றம். மாநிலங்கள் தங்கள் சட்டமாக்கினால்தான் செல்லும் என்பதால் இது மெதுவாகவே நகர்கிறது. குடியிருப்பவருக்கும் அதில் பாதுகாப்பு உண்டு: வீட்டு அட்வான்ஸ் இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது. பத்து மாதம் வாங்கி மாடி எழுப்பிய அந்த மூன்று போர்ஷன்காரர் மீதி எட்டு மாதத் தொகையை, அதாவது ரூ. 3.6 லட்சத்தை, இந்த முறை அடுத்து வருபவரிடமிருந்து வாங்கிக் கொடுக்க முடியாது.