நிலத்தோடு வீட்டையும் விற்பவர்கள் கவனத்திற்கு

விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பது எல்லா விவசாயிகளும் அறிந்ததே. அதே நினைப்பில் வயலையும், ஊர் நத்தத்திலுள்ள வீட்டையும் ஒரே விலையாகப் பேசி, ஒரே கிரயப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு வரி நோட்டீஸ் வந்ததும் திகைப்பவர்கள் உண்டு.

கிராமப்புற விளைநிலத்தை விற்ற ஆதாயத்துக்கு வரி கிடையாது. ஆனால் வீடு குக்கிராமத்தில் இருந்தாலும் மூலதனச் சொத்துதான். அதன் ஆதாயம் வரிக்குரியது. ஆகவே பத்திரத்தில் நிலத்துக்கும் வீட்டுக்கும் தனித்தனியே மதிப்பு எழுதுவது அவசியம். எழுதாவிட்டால் எது எதன் விலை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்றவர் தலையில் விழும்.

நிலம் 'கிராமப்புறம்' என்பதற்கும் கணக்கு உண்டு. 10,000 பேருக்கு மேல் ஒரு லட்சம் வரை மக்கள் உள்ள நகரமானால் அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரையானால் 6, அதற்கும் மேலானால் 8 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சாலை வழியே அல்ல, நேர்க்கோட்டில் அளப்பார்கள். ஊராட்சி அண்மையில் நகராட்சியோடு இணைக்கப்பட்டிருந்தால் இதை முதலில் விசாரிப்பது நலம். பயிர் செய்ததற்கு அத்தாட்சியாக அடங்கல் நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி வீட்டுக் கணக்கு. தகப்பனார் கட்டிய வீடானால் அவருக்கு ஆன செலவே அடக்க விலை. 2001 ஏப்ரல் 1-க்கு முந்திய சொத்தானால் அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். இதற்கு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரின் சான்று கைகொடுக்கும். அந்த மதிப்பு ரூ.4 லட்சம், 2025-26-ல் விற்ற விலை ரூ.20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆதாயம் ரூ.16 லட்சம், 12.5 சதவீதத்தில் வரி ரூ.2 லட்சம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்தானால் விலைவாசிக் குறியீட்டுப்படியும் கணக்கிடலாம். குறியீடு 100-லிருந்து 376 ஆகியிருப்பதால் அடக்கம் ரூ.15.04 லட்சமாகும். மீதி ரூ.4.96 லட்சத்துக்கு 20 சதவீதம், ரூ.99,200 மட்டுமே. பாதிக்குப் பாதி மிச்சம்! (மேல்வரி தனி.)

ஆதாயத் தொகையில் இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று வருஷத்துக்குள் கட்டினாலோ அந்த அளவுக்கு வரி இல்லை. அதற்குள் செலவாகாத பணத்தைச் சாதாரண சேமிப்புக் கணக்கில் விட்டுவைப்பதுதான் பலர் செய்யும் தவறு. வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வங்கியில் 'மூலதன ஆதாயக் கணக்கு' தொடங்கிப் போட வேண்டும்.

முன்பணம் ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். முத்திரைச் செலவைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதுவதாலும் பயனில்லை. வழிகாட்டி மதிப்பு பத்திர விலையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால் அதையே விற்ற விலையாகக் கொள்வார்கள். ஆதாயம் கைக்கு வராமலே வரி கட்ட நேரும். வீட்டு விலை ரூ.50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் ஒரு சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டுவார். அதற்கான சான்றைக் கேட்டுப் பெற வேண்டும்.

மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, நத்தம் பட்டா, பாகஸ்தர்கள் இருந்தால் வாரிசுச் சான்று ஆகியவற்றை விலை பேசுமுன்பே சரிபார்த்துக்கொள்ளலாம். பதிவு முடிந்த பின் வீட்டு வரியும் மின் இணைப்பும் வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டனவா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட வேண்டும். மாறும் வரை பாக்கி விற்றவர் பெயரில்தான் ஏறிக்கொண்டிருக்கும்.