கொடுத்தவரைக் கடந்து நிற்கும் கொடை

மாத்தளை நகரின் நடுவே செல்லும் ஏ-9 வீதியை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். கண்டியில் தொடங்கி, தம்புள்ளை, வவுனியா ஊடாக யாழ்ப்பாணம் வரை போகும் வீதி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிய எம் மக்களின் முன்னோர், காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து, கோப்பித் தோட்டங்களை நாடி மாத்தளைக்கு நடந்து வந்ததும் இந்தப் பக்கமாகத்தான். கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தவர்களும் பலர்.

இன்று அதே வீதியில், எதிர்த்திசையில், தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் பெட்டியும் பாயுமாகப் பேருந்து ஏறுகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகிறார்கள்.

அவர்கள் போய் இறங்கும் திருநெல்வேலி வளாகம் எப்படி உண்டானது? அந்த நிலத்தில் முதலில் கல்விக்கூடம் எழுப்பியவர் யார்? இதை அறிந்துகொள்வது கல்விக்காக உழைக்க விரும்பும் நம் எல்லோருக்கும் பயன் தரும். அவர் பெயர் சேர் பொன்னம்பலம் இராமநாதன்.

செல்வர் வீட்டுப் பிள்ளை

இராமநாதன் 1851 ஏப்ரல் 16இல் கொழும்பில் பிறந்தார். செல்வமும் செல்வாக்கும் மிகுந்த குடும்பம். கொழும்பிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்து வழக்கறிஞரானார். 1879இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக நியமனம் பெற்றார். 1892 முதல் அரசின் சொலிசிட்டர் ஜெனரலாகப் பணியாற்றினார். 1911இல் படித்த இலங்கையருக்கென ஒதுக்கப்பட்ட ஒரேயொரு ஆசனத்துக்கு நடந்த தேர்தலில் வென்றார். 1915 கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ் சிறை வைக்கப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காகத் துணிந்து வாதாடினார். அந்த நன்றிக்காகக் கொழும்பு மக்கள் அவருடைய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துச் சென்ற நிகழ்ச்சி இன்றும் பேசப்படுகிறது.

அவருடைய தம்பி சேர் பொன்னம்பலம் அருணாசலம். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 முதல் இயக்கம் நடத்தியவர் அவர். தோட்டத் தொழிலாளரை நாம் நினைக்கும்போதும் அவரை மறக்கலாகாது. தொழிலாளியைக் கடனால் கட்டிப்போட்ட துண்டு முறைக்கும், வேலையை விட்டு விலகினால் சிறை என்ற சட்டத்துக்கும் எதிராக 1919இல் தொழிலாளர் நலச் சங்கம் அமைத்துப் போராடினார். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இரண்டு கல்லூரிகள்

அண்ணன் செய்த பெரும்பணி கல்விக்கூடம் கட்டுவது. 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியைத் தொடங்கினார். 1921இல் திருநெல்வேலியில் ஆண்களுக்கெனப் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவினார். நிலம், கட்டிடம், விடுதி, ஆலயம் எல்லாவற்றுக்கும் பெருமளவில் தம் சொந்தப் பணத்தையே செலவிட்டார்.

ஏன் இந்தக் கல்லூரிகள்? இதற்கு விடை தேடும்போது, திருச்சபையைச் சேர்ந்த நாம் சற்றுத் தலைகுனியவும் வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வியின் பெரும்பகுதி அன்று மிஷன் பாடசாலைகளின் கையில் இருந்தது. அவை செய்த சேவை பெரிது. பெண் கல்விக்கு வழி திறந்தவையும் அவையே. ஆனால் சைவக் குடும்பத்துப் பிள்ளை அங்கே படிக்க வேண்டுமானால் வேத பாடத்துக்கும் செபத்துக்கும் உட்கார வேண்டியிருந்தது. தம் சமயத்தை இழக்காமல் தம் பிள்ளைகள் உயர்கல்வி பெற வேண்டும் என்ற பெற்றோரின் தவிப்புக்கு இராமநாதன் பதில் தந்தார். படிப்பைக் கொடுக்கும் கை, பெறுகிறவருடைய மனச்சாட்சியை விலையாகக் கேட்கக் கூடாது. இது நாம் அவரிடமிருந்து கற்க வேண்டிய முதற்பாடம்.

குறைகளையும் சொல்ல வேண்டும்

பெரியவர்களைப் பற்றி எழுதும்போது குறைகளை மறைப்பது நம்மிடையே வழக்கம். அது உண்மைக்கு நல்லதல்ல. 1927இல் டொனமூர் ஆணைக்குழு வந்தபோது, எல்லோருக்கும் வாக்குரிமை என்ற யோசனையை இராமநாதன் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதையும் விரும்பவில்லை. சாதி, குலம், செல்வம் என்ற படிநிலையில் நம்பிக்கை கொண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். லயத்தில் பிறந்த ஒரு பெண்பிள்ளை, தாம் கட்டிய வளாகத்தில் பட்டம் பெறுவாள் என்று அவர் எண்ணிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகமே.

ஆனால் அதுவே நடந்தது. 1930 நவம்பர் 26இல் அவர் காலமானார். அவுஸ்திரேலியாவில் பிறந்து அவரை மணந்த லீலாவதி அம்மையார் பெண்கள் கல்லூரியைத் தொடர்ந்து பேணினார். மருமகன் சு. நடேசபிள்ளை பரமேஸ்வராவின் அதிபராக இருந்தார். 1974இல் பரமேஸ்வராக் கல்லூரி வளாகத்தில், பேராசிரியர் க. கைலாசபதியின் தலைமையில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. விஞ்ஞானப் பிரிவுக்கு ஆரம்பத்தில் இடம் கொடுத்தது வட்டுக்கோட்டையிலுள்ள யாழ்ப்பாணக் கல்லூரி. அது அமெரிக்க மிஷனின் வழிவந்தது. ஒரு காலத்தில் போட்டியாக நின்ற சைவக் கொடையும் கிறிஸ்தவக் கொடையும் ஒரே பல்கலைக்கழகத்துக்கு அடித்தளமாயின! 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று அங்கே ஆணும் பெண்ணும், எல்லாச் சாதியாரும், எல்லாச் சமயத்தாரும், சிங்கள மாணவரும், மலையகப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

கொடுத்தவரின் எண்ணத்துக்கு எல்லை இருந்தது. கொடைக்கு அந்த எல்லை இருக்கவில்லை. காரணம் என்ன? அவர் ஒருவரைத் தேர்ந்து ஒருநாள் உதவிவிட்டுப் போகவில்லை. நிலையான ஒன்றைக் கட்டினார். அதைப் பிறர் கையேற்று, அவர் நினையாத மக்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள்.

நாம் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன், இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மகன் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானான். அந்தத் தோட்டத்தில் அவனே முதல் ஆள். நாம் மகிழ்ந்தோம். மண்டபத்தில் கூட்டம் கூட்டினோம், மாலை போட்டோம், பொன்னாடை போர்த்தினோம், ஒரு கடித உறையில் பணம் கொடுத்தோம். படமும் எடுத்தோம். பிறகு எங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

முதலாம் ஆண்டு முடியுமுன்னரே அவன் படிப்பை விட்டுவிட்டான். கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றான். திருவிழாவுக்கு ஊர் வந்தபோது சந்தித்தோம். "சாமி, நீங்க குடுத்தது பெரிய காசுதான். ஆனா அது முதல் ரெண்டு மாசத்துக்குத்தான் வந்துச்சு. அதுக்குப் பிறகு கேக்க வெக்கமா இருந்துச்சு" என்றான். குற்றம் அவனுடையதல்ல, எங்களுடையது. ஒருநாள் விழாவை நான்கு ஆண்டுப் படிப்புக்கு உதவி என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

இலங்கையில் பல்கலைக்கழகக் கல்வி இலவசம் என்கிறோம். விரிவுரை இலவசம், உண்மை. ஆனால் அறை வாடகை, சாப்பாடு, பேருந்துக் காசு, புத்தகம், மடிக்கணினி ஆகியவற்றைக் குடும்பமே பார்க்க வேண்டும். 1981இல் சட்டத்தால் அமைந்த மகாபொல நிதியம் பல ஏழை மாணவருக்குக் கைகொடுக்கிறது. எனினும் அந்தப் பணம் முழுச் செலவுக்கும் போதாது, முதல் மாதங்களில் கைக்கு வந்து சேர்வதும் அரிது. கொழுந்துக் கூலியிலும் இறப்பர்ப் பால் கூலியிலும் வாழும் வீட்டில், மூத்த பிள்ளை படிக்கப் போனால் வீட்டுக்கு வரும் ஒரு வருமானமும் நின்றுபோகிறது.

இன்னொரு செய்தியும் நம் மாவட்டத்தார் அறிய வேண்டியது. பல்கலைக்கழக அனுமதியில், கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு 5 சதவீத இடங்கள் தனியே ஒதுக்கப்படும் முறை உண்டு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் உள்ளன. மாத்தளை இல்லை. ஆகவே எல்கடுவையிலோ இரத்தோட்டையிலோ தோட்டப் பாடசாலையில் படித்த பிள்ளை, மாவட்ட ஒதுக்கீட்டில் மாத்தளை நகரத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளைகளோடு நின்றே போட்டியிட வேண்டும்.

என்ன செய்யலாம்?

நம்மில் எவரும் இராமநாதன் அல்லர். கல்லூரி கட்டக் காணியும் இல்லை, காசும் இல்லை. ஆனால் அவர் செய்ததன் உள்ளீட்டை நாமும் செய்யலாம். கடந்த ஆண்டு, யாழ்ப்பாணத்துக்குக் கலைப்பீடத்தில் தெரிவான ஒரு மகளுக்காக, அவள் தாய் உறுப்பினராக உள்ள பெண்கள் சேமிப்புக் குழு ஒரு தீர்மானம் எடுத்தது. விழா இல்லை, மாலை இல்லை. ஒவ்வொரு உறுப்பினரும் மாதந்தோறும் சிறு தொகை போடுவது, பட்டம் பெறும்வரை நிறுத்தாமல் அனுப்புவது, வேலை கிடைத்ததும் அவள் அடுத்த பிள்ளைக்காக அந்த நிதியில் போடுவது. குழுவில் இந்துக்களே அதிகம், கத்தோலிக்கரும் இருக்கிறார்கள். எந்தக் கோயிலுக்குப் போகிறாள் என்று எவரும் கேட்கவில்லை.

முதல் மாதப் பணத்தோடு அந்த மகள் மாத்தளை பேருந்து நிலையத்தில் நின்றபோது, அவளுடைய பாட்டி சொன்னார்: "எங்க தாத்தா இந்த ரோட்டுல நடந்து வந்தாரு. இவ பஸ்ஸுல போறா." அந்த நிதிக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. பெயர் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் அவள் படித்து முடிக்கட்டும்.

சிந்தனைக்கு

1. எமது பங்கிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ பல்கலைக்கழகம் சென்ற பிள்ளைகள் எத்தனை பேர்? படிப்பை இடையில் விட்டவர்கள் எத்தனை பேர்? ஏன் விட்டார்கள்?

2. நாம் கொடுக்கும் உதவி, பெறுகிறவரைத் தலைநிமிர வைக்கிறதா, கூச வைக்கிறதா?

3. நாம் இல்லாத காலத்திலும் தொடரக்கூடிய எதை இன்று தொடங்கலாம்?