168 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

விடியற்காலை மூன்று மணிக்கு நெய்வேலி ஆர்ச் கேட்டில் பெட்டியும் கையுமாக நிற்பவரிடம் கேட்டுப் பாருங்கள், பத்து மணிக்கு டெல்லி ஃபிளைட் என்பார். சென்னையிலிருந்து டெல்லி வான்வழியில் சுமார் 1,760 கிலோமீட்டர். டிக்கெட்டில் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் போட்டிருக்கும். பண்ருட்டி, விக்கிரவாண்டி, திண்டிவனம் தாண்டி மீனம்பாக்கம் போய்ச் சேரவே இவருக்கு நாலரை மணி நேரம் ஆகிவிடும்.

இத்தனைக்கும் நெய்வேலிக்கும் மீனம்பாக்கத்துக்கும் நேர்க்கோட்டில் 168 கிலோமீட்டர்தான். உருண்டை மேல் நூலை இழுத்துப் பிடித்து அளக்கிற தூரம் இது. விமானிகள் கணக்கில் 91 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

மணிக்கு 450 கிலோமீட்டர் போகும் சிறு விசிறி விமானம் என்றால் வகுத்துப் பார்க்க 22 நிமிடம் வரும். அட்டவணையில் முக்கால் மணியாவது போட வேண்டியிருக்கும். காரணம், அட்டவணை சொல்வது ‘பிளாக் டைம்’. நெய்வேலிக்காரருக்கு பிளாக் என்றால் வீடு இருக்கும் இடம். விமானத் துறையில் அது சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை. கட்டையை எடுத்ததிலிருந்து அடுத்த ஊரில் மறுபடி வைக்கும் வரை நேரம் ஓடும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, வரிசைக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். சென்னையின் முதன்மை ஓடுபாதை ஏறத்தாழ கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மேல்காற்று அடிக்கும் நாளில் எதிர்காற்றில் இறங்க வேண்டும் என்பதால், தெற்கிலிருந்து வரும் விமானமும் கடல் பக்கம் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். டெல்லி தூரத்துக்கு இந்தச் செலவு பெரிதாகத் தெரியாது. 168 கிலோமீட்டருக்குப் பறக்கும் நேரத்தையே இது விழுங்கிவிடும்.

நெய்வேலியிலும் ஓடுபாதை உண்டு, என்.எல்.சி.க்குச் சொந்தமானது. 2017இல், சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் முதல் சுற்றில் நெய்வேலி–சென்னை தடம் இடம்பெற்றது. சுமார் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பு அப்போது ஊரெல்லாம் பேச்சு. அதே சுற்றில் வந்த சேலத்துக்கு 2018 மார்ச்சில் விமானம் வந்து இறங்கியது. நெய்வேலித் தடத்தை எடுத்த நிறுவனம் கடைசிவரை பறக்கவே இல்லை.

பறந்திருந்தால் மட்டும் என்ன? முன்கூட்டியே போய் நிற்பது, சோதனை, இறங்கிப் பெட்டி எடுப்பது என்று கூட்டினால் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. மிஞ்சுவது இரண்டு மணி நேரம்தான். ஆர்ச் கேட்டில் நிற்பவருக்கு, வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த விக்கிரவாண்டிச் சாலையின் நாலுவழிப் பணி ஒழுங்காக முடிந்தாலே அதில் பாதி கைக்கு வந்துவிடும் என்று தோன்றுகிறது, அதுவும் பஸ் டிக்கெட் விலையில்.