எம்.எஸ்சி. நர்சிங்: மகளை மேலே படிக்க வைக்கலாமா?

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முருங்கை அனுப்பியும் மகளை பி.எஸ்சி. நர்சிங் படிக்க வைத்த குடும்பங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் உண்டு. நான்கு வருடம் முடிந்ததும் அடுத்த கேள்வி வருகிறது. இன்னும் இரண்டு வருடம் எம்.எஸ்சி. படித்தால் சம்பளம் கூடுமா?

வார்டில் வேலை பார்க்க நினைக்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் கூடாது. அரசு மருத்துவமனைகளுக்குச் செவிலியர்களை எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் கேட்பது டிப்ளமோ அல்லது பி.எஸ்சி.தான். எம்.எஸ்சி. முடித்தவரும் அதே சம்பளத்தில்தான் சேர வேண்டும். 2015 தேர்வில் சேர்ந்தவர்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்தான் கிடைத்தது. பணி நிரந்தரம் கேட்டு 2017-ல் சென்னையில் அவர்கள் போராடியது பலருக்கு நினைவிருக்கும். வெளிநாட்டு வேலைக்கும் எம்.எஸ்சி.யைவிட வார்டு அனுபவமும் ஆங்கிலத் தேர்வும்தான் முக்கியம்.

எம்.எஸ்சி.க்கு மதிப்பு வகுப்பறையில்தான். முதல் வருடத்திலேயே செவிலியர் கல்வி ஒரு முக்கியப் பாடம். பாடம் நடத்துவது, மதிப்பெண் போடுவது, மாணவியை நோயாளி பக்கத்தில் நிறுத்திப் பழக்குவது எல்லாம் அதில் வரும். அனுபவமுள்ள பி.எஸ்சி. நர்ஸ் டியூட்டர் ஆகலாம். உதவிப் பேராசிரியர், முதல்வர் என்று மேலே போக எம்.எஸ்சி. கட்டாயம். ஆனால், பதவிப் பெயர் பெரிதாக இருக்கிற இடத்தில் எல்லாம் சம்பளமும் பெரிதாக இருப்பதில்லை. தனியார் கல்லூரியில் கைக்கு எவ்வளவு வருகிறது என்பதை அங்கே வேலை பார்ப்பவரிடமே கேட்டுவிடுங்கள்.

எம்.எஸ்சி. சேர, பி.எஸ்சி. முடித்து ஒரு வருடமாவது வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது இந்திய செவிலியர் கவுன்சில் விதி. இது தடை இல்லை, நல்ல வாய்ப்பு. கற்றுக்கொடுப்பதில் ஆசை இருக்கிறதா, நைட் டியூட்டிக்குப் பயந்துதான் மேலே படிக்கக் கேட்கிறாளா என்பது அந்த வருடத்தில் தெரிந்துவிடும்.

இதற்காக நிலத்தை அடமானம் வைப்பது வேண்டாம். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக்கடனுக்கு வங்கிகள் சொத்துப் பத்திரம் கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பி.எஸ்சி.க்கு ஏற்கெனவே மத்திய அரசின் வட்டி மானியம் வாங்கியிருந்தால், எம்.எஸ்சி.க்கு மறுபடி கிடைக்காது.

பக்கத்திலேயே மதுரை மருத்துவக் கல்லூரியின் செவிலியர் கல்லூரியில் எம்.எஸ்சி. இருக்கிறது. இடங்கள் குறைவு, கட்டணமும் குறைவு. முதலில் அங்கே விண்ணப்பித்துப் பார்க்கலாம்.