கணக்கும் மனிதர்களும் – 14: கூடிப் போட்ட கணக்கு

சென்ற வாரம் பிஷப் ஜார்ஜ் பெர்க்லியோடு நிறுத்தியிருந்தோம். கால்குலஸ் எனப்படும் நியூட்டனின் நுண்கணிதத்துக்கு அஸ்திவாரம் சரியில்லை என்று 1734-இல் புத்தகம் போட்டு வாதாடியவர். கலிபோர்னியாவில் அவர் பெயரால் ஓர் ஊர் இருக்கிறது. அங்கே புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றும் இருக்கிறது. அதன் முதலாண்டு கால்குலஸ் வகுப்பில் 1970-களில் எழுந்த ஒரு கேள்விதான் இந்த வாரத்து விஷயம். கணக்கு சொல்லிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அதைவிட முக்கியமான கேள்வி இன்றுவரை அகப்படவில்லை.

கேட்டவர் யூரி ட்ரைஸ்மன். அப்போது அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்தார். முதலாண்டு வகுப்புகளுக்குப் போகும் உதவி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. உங்கள் வகுப்பில் நன்றாகச் செய்பவர் யார், தடுமாறுபவர் யார் என்று அவர்களிடம் விசாரித்தார். தடுமாறுபவர்களில் கறுப்பின மாணவர்களின் பெயர்களும், நன்றாகச் செய்பவர்களில் சீன வம்சாவளி மாணவர்களின் பெயர்களும் திரும்பத் திரும்ப வந்தன. பொறியியல், மருத்துவம், இயற்பியல் என எந்தப் பக்கம் திரும்பினாலும் கால்குலஸைத் தாண்டித்தான் போக வேண்டும். அதில் விழுந்த பிள்ளைகள் ஊரிலிருந்து கொண்டுவந்த ஆசையை முதலாண்டிலேயே மூட்டை கட்டிவைத்தார்கள்.

இது ஏன் என்று பேராசிரியர்களிடம் கேட்டபோது நான்கு காரணங்கள் வந்தன. படிப்பில் ஆர்வம் போதாது. பள்ளியில் அடிப்படை சரியாகப் போடவில்லை. வீட்டில் ஊக்கம் கிடையாது. போதாததற்கு வறுமை. நம்மூர் ஆசிரியர் அறை எதிலும் போய்க் கேட்டுப் பாருங்கள், இந்த நான்கும் இதே வரிசையில் வரும்.

ட்ரைஸ்மன் இவற்றை நம்பிவிடாமல் நேரில் போய்ப் பார்த்தார். இருபது கறுப்பின மாணவர்கள், இருபது சீன வம்சாவளி மாணவர்கள். அவர்கள் படிக்கிற இடத்துக்கே போய்ப் பழகினார், கணக்குப் போடும்போது வீடியோ எடுத்தார். சொல்லப்பட்ட காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அந்தக் கறுப்பின மாணவர்களில் பலர் தங்கள் பள்ளியில் முதலிடத்தில் இருந்தவர்கள். பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியே தீருவது என்று எப்போதோ முடிவெடுத்திருந்த பெற்றோர் அவர்களுக்கு இருந்தார்கள். அரசுப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. படிக்காமலும் இல்லை. வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வெளியே இரண்டு மணி நேரம் படி என்று பேராசிரியர் சொன்னதை அப்படியே கடைப்பிடித்து, வாரத்துக்கு எட்டு மணி நேரம் வரை உட்கார்ந்தார்கள். வீட்டுப்பாடத்தைத் தவறாமல் கொடுத்தார்கள்.

ஆனால் தனியாக உட்கார்ந்தார்கள். இருபது பேரில் பதினெட்டுப் பேர் வகுப்புத் தோழர் ஒருவரோடுகூடச் சேர்ந்து படித்ததில்லை. நண்பர்கள் வேறு, படிப்பு வேறு என்று பிரித்தே வைத்திருந்தார்கள். பள்ளியில் அவர்களை அந்த உயரத்துக்குக் கொண்டுவந்ததும் அந்தப் பழக்கம்தான். சுற்றியிருந்தவர்கள் விளையாடப் போனபோது கதவைச் சாத்திக்கொண்டு படித்த பிள்ளைகள் அவர்கள். அதை நினைக்கும்போது எனக்கு மனசு கனத்துப்போகிறது. எது கைகொடுத்ததோ அதையே இங்கும் நம்பினார்கள். முதல் இடைத்தேர்வு விடைத்தாள் கைக்கு வந்தபோது, எங்கே தவறியது என்று சொல்லப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

சீன வம்சாவளி மாணவர்களும் வாரத்துக்கு எட்டு, பத்து மணி நேரம் தனியாகத்தான் படித்தார்கள். அதற்கு மேல் நாலைந்து மணி நேரம் கூடிப் படித்தார்கள். சாயங்காலம் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுப்பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒருவர் விடையை ஒருவர் சரிபார்த்தார்கள். ஒருவனுக்கு மட்டும் விடை வேறாக வந்தால் தப்பு தன் பக்கம் என்று அவனுக்கு அங்கேயே தெரிந்துவிடும். ஆளாளுக்கு ஒரு விடை வந்தால், ஆசிரியர் வேண்டுமென்றே வைத்த கடினமான கணக்கு அது என்று புரிந்துவிடும். பழைய கேள்வித்தாள்களை எடுத்துப் போட்டார்கள். அண்ணன்மார், அக்காமார் வந்து கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். தான் எங்கே நிற்கிறோம் என்பது ஒவ்வொருவருக்கும் தேர்வுக்கு முன்பே தெரிந்திருந்தது.

கூடிப் படித்தால் கால்குலஸில் அப்படி என்ன நடந்துவிடும்? என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒய் சமம் எக்ஸ் கியூப் என்ற வளைவரைக்கு ஆதிப்புள்ளியில் தொடுகோடு எது என்று கேட்டு, நாலைந்து பேராகச் சேர்ந்து பேசச் சொன்னேன். வகையிட்டு, மூன்று எக்ஸ் ஸ்கொயர் என்று எழுதி, எக்ஸுக்குப் பூஜ்ஜியம் போட்டு, சாய்வு பூஜ்ஜியம், எக்ஸ் அச்சுதான் தொடுகோடு என்று எல்லாரும் சட்டென்று முடித்துவிட்டார்கள். தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். படம் வரைந்து பார்த்த ஒரு மாணவி மட்டும் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

“சார், கோடு வளைவரையை வெட்டிட்டுப் போகுது. இந்தப் பக்கம் வளைவரை கீழ இருக்கு, அந்தப் பக்கம் மேல இருக்கு. தொடுகோடுன்னா தொடணும், எப்படி சார் வெட்டும்?”

பக்கத்திலிருந்தவன் விடவில்லை. “ஒரே இடத்துல சந்திச்சா தொடுகோடுதானே? பத்தாம் வகுப்புல வட்டத்துக்கு அப்படித்தானே படிச்சோம்?”

“அப்படின்னா ஒய் சமம் மைனஸ் எக்ஸ் கோடும் இதை ஒரே இடத்துலதான் சந்திக்குது. அதுவும் தொடுகோடா?”

அந்த மேசையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு ஒருவன் ஆதிப்புள்ளியையும் பக்கத்துப் புள்ளி ஒன்றையும் சேர்த்துக் கோடு போட்டுப் பார்க்கலாம் என்றான். எக்ஸ் 0.1 என்றால் உயரம் 0.001, சாய்வு 0.01. எக்ஸ் 0.01 என்றால் சாய்வு 0.0001. இடது பக்கம் போய்ப் பார்த்தாலும் அதே எண்கள். பக்கத்துப் புள்ளி நெருங்க நெருங்க அந்தக் கோடு எக்ஸ் அச்சின் மேலேயே படிகிறது. வேறெந்தக் கோட்டின் மேலும் படிவதில்லை. எத்தனை இடத்தில் சந்திக்கிறது, வெட்டுகிறதா என்பதற்கெல்லாம் இங்கே வேலையில்லை. நெருங்கும்போது எந்தக் கோட்டை நோக்கிப் போகிறது என்பதே கேள்வி என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். எல்லை என்ற கருத்தே அதுதான். கரும்பலகையில் நான் பலமுறை எழுதிப்போட்ட வரையறை, ஒரு பெண் விடாப்பிடியாகச் சந்தேகப்பட்டதால் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தது. அறைக்குள் தனியாக உட்கார்ந்திருந்தால் அவள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து, விடை சரி என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பாள்.

பெர்க்லிக்கு வருவோம். ட்ரைஸ்மன் 1978-இல் ஒரு பட்டறையைத் தொடங்கினார். சிறுபான்மை மாணவர்களுக்காக ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்த தர்க்கவியல் அறிஞர் லியோன் ஹென்கின் அவருக்குத் துணை நின்றார். பின்தங்கியவர்களுக்குச் சிறப்புப் பயிற்சி என்று ட்ரைஸ்மன் அதற்குப் பெயர் வைக்கவில்லை. திறமைசாலிகளுக்கான வகுப்பு என்று சொல்லி அழைத்தார். நான் மிகவும் மதிப்பது இதைத்தான். பள்ளியில் முதலிடம் பெற்ற பிள்ளையை நீ பின்தங்கியவன், வா என்று கூப்பிட்டால் வரமாட்டான்; வந்தாலும் தலை குனிந்தே உட்கார்ந்திருப்பான். அங்கே சாதாரண வகுப்பைவிடக் கடினமான கணக்குகளைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஐந்தாறு பேராகக் கூடி உட்கார்ந்து முட்டி மோத வேண்டும். எந்த இடத்தில் பெரும்பாலோர் வழுக்கி விழுவார்கள் என்று பார்த்து, அந்த இடத்திலேயே கணக்கை அமைத்தார்கள். உதவி ஆசிரியர் விடை சொல்வதில்லை, மேசைக்கு மேசை நடந்து கேள்வி மட்டும் கேட்டார்.

பலன் வந்தது. பட்டறையில் இருந்த கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவர்கள், பட்டறைக்கு வராத வெள்ளை, ஆசிய மாணவர்களோடு சரிக்குச் சரியாக நின்றார்கள்; சில நேரம் மிஞ்சினார்கள். பேராசிரியர் அதே பேராசிரியர், தேர்வும் அதே தேர்வு. பிற பல்கலைக்கழகங்களும் இந்த முறையை எடுத்துக்கொண்டன. ட்ரைஸ்மன் பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கும் முதலாண்டு கால்குலஸ் எடுத்தார். 1992-இல் அவருக்கு மெக்கார்த்தர் விருது கிடைத்தது.

இங்கே நம் நிலைமையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எல்லையும் வகைக்கெழுவும் நம் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில்தான் தொடங்குகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்காகப் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே தாண்டிப் போன பள்ளிகள் தமிழ்நாட்டில் ஏராளம். அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. எல்லை என்றால் என்னவென்று தெரியாமலே தொகையிடல் சூத்திரங்களை மனப்பாடம் செய்த பிள்ளை, பொறியியல் கல்லூரியில் எம்-1 என்னும் முதல் கணித வகுப்பில், அதுவும் ஆங்கிலத்தில், வந்து உட்காருகிறான். தமிழ் வழியில் படித்தவனாக இருந்தால் ‘லிமிட்’ என்று ஆசிரியர் சொல்வதும் தான் படித்த ‘எல்லை’யும் ஒன்றுதான் என்று சொல்லக்கூட ஆள் தேவைப்படுகிறது. பக்கத்துப் பெஞ்சுக்காரன் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவான். ஆனால் கேட்கக் கூச்சம். அரியர் விழுந்த பிறகு கூச்சம் இன்னும் கூடிவிடுகிறது. விடுதியில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறான்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ தாளுக்கு வாரம் மூன்று மணி நேரம் பாடம், ஒரு மணி நேரம் டுடோரியல் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம் போர்ஷன் முடிக்கவே போய்விடுகிறது. சக ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன், அதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு நாலைந்து பேராக உட்காரவையுங்கள். தமிழ் வழியும் ஆங்கில வழியும் கலந்து இருக்கட்டும், தமிழிலேயே பேசட்டும். நாலு கணக்கு கொடுங்கள், அதில் ஒன்று யாருக்கும் உடனே வராததாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் வாய் திறக்க மாட்டார்கள். அதற்காக நாம் சாக்பீஸை எடுத்துவிடக் கூடாது.

முதலாண்டு படிக்கிற வாசகர்களுக்கு இந்த வாரம் ஒரு கணக்கு. அதே எக்ஸ் கியூப் வளைவரைக்கு எக்ஸ் சமம் 1 என்ற இடத்தில் தொடுகோடு வரையுங்கள். அது வளைவரையை இன்னோர் இடத்திலும் போய்ச் சந்திக்கும். அது எங்கே? 2-இலும் 3-இலும் தொடுகோடு போட்டு, அவை ஒவ்வொன்றும் வளைவரையை மறுபடி எங்கே சந்திக்கின்றன என்று பார்த்துவிட்டு, ஏன் அப்படி வருகிறது என்று விடுதியில் பக்கத்து அறைக்காரரோடு பேசி எழுதுங்கள். விடை அடுத்த இதழில்.