முதல் ஆண்டு மதிப்பெண் போதுமா?

2018 மார்ச் 17. பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானம். இந்தியன் சூப்பர் லீக் இறுதிப் போட்டி. சொந்த ரசிகர்களின் ஆரவாரத்துக்கிடையே சுனில் சேத்ரி 9வது நிமிடத்தில் பாய்ந்து தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனபோது, கோப்பை நகரை விட்டு வெளியே போகாது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் சென்னையின் எஃப்.சி.யின் பிரேசில் தற்காப்பு வீரர் மெய்ல்சன் ஆல்வெஸ் தலையாலேயே இரண்டு கோல் அடித்தார். அதே நாட்டவரான ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைச் சேர்த்தார். கடைசி நேரத்தில் வெனிசுலா வீரர் மிக்கு ஒரு கோல் திருப்பியும் பயனில்லை. 3-2. கோப்பை சென்னைக்குப் போயிற்று.

அன்றிரவு தோற்ற அணி, லீக் சுற்றில் 18 ஆட்டங்களில் 40 புள்ளிகள் எடுத்து முதலிடம் பிடித்த அணி. இரண்டாவதாக வந்த சென்னைக்கு 32தான். ஐ.எஸ்.எல்.லில் பெங்களூருவுக்கு அதுதான் முதல் ஆண்டு. அந்த அணியின் உள்நாட்டு வீரர்களில் கணிசமானோர் எட்டு மாதங்களுக்கு முன், 2017 ஜூலை 23 அன்று, மும்பையில் ஒரே நாளில் பெயர் வாசித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 'டிராஃப்ட்' என்பது அந்தத் தேர்வு முறையின் பெயர்.

அந்த ஒரு நாள் வேலையில் யார் கெட்டிக்காரர், யார் ஏமாந்தவர்? சீசன் முடிந்ததும் எல்லாரும் கேட்ட கேள்வி இது. அன்று கிடைத்த பதில்களில் பல, சில ஆண்டுகளிலேயே தலைகீழாயின.

ஏலமல்ல, வரிசை

கிரிக்கெட் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு டிராஃப்ட் சற்றுப் புதிது. இங்கே விலை கூவுவது கிடையாது. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு தொகை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருக்கும். அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். யார் முதலில் பெயர் சொல்கிறாரோ வீரர் அவருக்கு. எந்த ஊருக்குப் போகிறோம் என்பதில் வீரரின் விருப்பத்துக்கு இடமில்லை.

2017இல் பட்டியலில் 200 பேருக்கு மேல் இருந்தார்கள். அணிகள் பத்து. பழைய அணிகள் சிலரை முன்பே தக்கவைத்துக்கொள்ளலாம். ஐ-லீகிலிருந்து வந்த பெங்களூரு, சேத்ரியையும் உதாந்தா சிங்கையும் வைத்துக்கொண்டது. இளம் வீரர்களில் நிஷு குமாரையும் மல்சாம்சுவாலாவையும். புதிதாகப் பிறந்த ஜாம்ஷெட்பூரிடமும், யாரையும் தக்கவைக்காத டெல்லி டைனமோஸிடமும் ஒருவரும் இல்லை. எனவே முதல் சுற்றுகள் அந்த இரு அணிகளுக்கே.

அந்த ஆண்டு விதி ஒன்றும் மாறியிருந்தது. களத்தில் இறங்கும் பதினொருவரில் வெளிநாட்டார் ஆறு பேர்வரை இருக்கலாம் என்பது ஐந்தாகக் குறைக்கப்பட்டது. ஆறு இந்தியர்கள் கட்டாயம். அதுவரை இடத்தை நிரப்ப எடுக்கப்பட்ட உள்நாட்டு வீரர் திடீரென்று அணியின் பாதிக்கு மேல் ஆனார். டிராஃப்ட் நாளில் செய்யும் பிழைக்கு விலை கூடியது இதனால்தான்.

விலையும் இடமும்

அன்று அதிகபட்சத் தொகை 1.10 கோடி ரூபாய். அந்தத் தொகையில் இருந்தவர்கள் இருவர். கேரளத்துத் தற்காப்பு வீரர் அனஸ் எடத்தொடிகாவை ஜாம்ஷெட்பூர் முதல் தேர்வாகவே எடுத்துக்கொண்டது. ஷில்லாங்கின் நடுக்கள வீரர் யூஜின்சன் லிங்டோ கொல்கத்தா ஏ.டி.கே. அணிக்குப் போனார். 2015இல் இந்தியாவின் சிறந்த கால்பந்து வீரர் விருதைப் பெற்ற லிங்டோ, அதுவரை பெங்களூருவின் செல்லப்பிள்ளை. தக்கவைக்கும் பட்டியலில் அவர் பெயர் இல்லாதது இங்கே பலருக்கு வருத்தம்.

சீசன் முடிந்தபோது கணக்கு எப்படி இருந்தது? ஏ.டி.கே. 16 புள்ளிகளுடன் ஒன்பதாவது இடம். காயத்தால் லிங்டோ பெரும்பாலான ஆட்டங்களில் இறங்கவே இல்லை. ஜாம்ஷெட்பூர் 26 புள்ளிகளுடன் ஐந்தாவதாக வந்து, அரையிறுதி வாய்ப்பை ஓர் இடத்தில் தவறவிட்டது. அனஸ் அடுத்த ஆண்டே கேரளா பிளாஸ்டர்ஸுக்கு மாறிவிட்டார்.

ஆக, அதிக விலைக்கார இருவருக்கும் முதல் ஆண்டுத் தேர்ச்சி அறிக்கை சுமார்தான். ஆனால் இதில் தேர்வாளரின் பிழை எவ்வளவு, முழங்காலின் பிழை எவ்வளவு? தேர்வை மதிப்பிடுகிறவர்கள் சறுக்கும் முதல் இடம் இது. முடிவைப் பார்த்து முடிவெடுத்தவரைத் திட்டுவது சுலபம். எடுத்த அன்று தெரிந்திருந்த தகவல்களை வைத்துப் பார்த்தால் லிங்டோவைத் தேர்ந்தெடுத்தது தவறே அல்ல. 2019இல் பெங்களூருவே அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

பெங்களூருவின் சீட்டு

பெங்களூரு அன்று எடுத்தவர்களில் ராகுல் பேக்கே, ஹர்மன்ஜோத் கப்ரா, லென்னி ரோட்ரிகஸ், சுபாசிஷ் போஸ், போய்தாங் ஹாவோகிப் ஆகியோர் உண்டு. பெரிய நட்சத்திரங்கள் என்று சொல்ல முடியாத பெயர்கள். ஸ்பெயின் நாட்டுப் பயிற்சியாளர் ஆல்பர்ட் ரோகாவுக்கு வேண்டியிருந்தது, பல இடங்களில் ஆடக்கூடிய, சொன்னதைச் செய்யக்கூடிய ஆட்கள். பேக்கே தற்காப்பின் நடுவிலும் ஆடுவார், ஓரத்திலும் ஆடுவார். கப்ராவும் அப்படியே.

40 புள்ளிகளைப் பார்த்து இவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டுவிடலாமா? சற்றுப் பொறுக்க வேண்டும். அந்த சீசனில் மிக்கு 15 கோல், சேத்ரி 14 கோல். அரையிறுதியில் பூனே சிட்டியை வீழ்த்திய மூன்று கோல்களும் சேத்ரி அடித்தவை. கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சாந்து நார்வேயின் ஸ்டாபெக் அணியிலிருந்து நேராக வந்தவர். இந்த மூவரில் ஒருவர்கூட டிராஃப்ட் வழியாக வரவில்லை. ஆக, புள்ளிப் பட்டியலை மட்டும் வைத்து டிராஃப்டை அளப்பது, கல்யாண விருந்தின் ருசிக்குக் காய்கறி வாங்கியவரை மட்டும் பாராட்டுவது போல.

அதே சமயம், சமையல்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் காய் சொத்தையாக இருந்தால் விருந்து கெடும். முன்னால் இருவர் கோல் அடிக்க, பின்னால் மற்றவர்கள் பந்தை மறித்துக் கொடுத்தார்கள். 2018 ஏப்ரல் 20, புவனேஸ்வரில் சூப்பர் கப் இறுதி. ஈஸ்ட் பெங்கால் முதல் கோல் அடித்து முன்னிலை பெற்றது. சமன் செய்தவர் ராகுல் பேக்கே. முந்தைய ஆண்டுவரை அவர் ஆடியது ஈஸ்ட் பெங்காலுக்குத்தான். பெங்களூரு 4-1 என்று வென்றது.

அடுத்த ஆண்டு, அதே மார்ச் 17. 2019 ஐ.எஸ்.எல். இறுதி, மும்பையில். எஃப்.சி. கோவாவுடன் கோலின்றி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. 117வது நிமிடத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் வலைக்குள் அனுப்பி, பெங்களூருவுக்கு அதன் முதல் ஐ.எஸ்.எல். கோப்பையைத் தந்தவர் மறுபடியும் பேக்கே. 2017 தேர்வின் உண்மையான வட்டி இரண்டாம் ஆண்டில்தான் கைக்கு வந்தது.

நழுவியவர்களும் உண்டு. லென்னி ஒரே சீசனில் கோவாவுக்குப் போனார். சுபாசிஷ் போஸ் 2018இல் மும்பை சிட்டிக்கு. அதே ஆண்டில் இந்திய அணியிலும் இடம்பிடித்தார். பின்னர் கொல்கத்தா போய், மோகன் பகானின் கேப்டனாக 2024-25இல் லீக் கேடயம், கோப்பை இரண்டையும் தூக்கினார். பெங்களூரு அவரைத் தேர்ந்தெடுத்தது சரி, வைத்துக்கொள்ளாமல் போனது? தேர்வுக்கு ஒரு மதிப்பெண், வளர்ப்புக்கு வேறொரு மதிப்பெண் என்று பிரித்துப் போட வேண்டியிருப்பது இதனால்தான்.

அமெரிக்கப் பாடம்

டிராஃப்ட் முறையின் தாயகம் அமெரிக்கா. அங்கே 'ஃபுட்பால்' என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறு ஆட்டம். அதன் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்., 1936இலிருந்து கல்லூரி வீரர்களை இந்த முறையில் எடுத்துவருகிறது. முந்தைய ஆண்டு கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு. வலியவன் மேலும் வலியவனாகாமல் தடுக்கும் ஏற்பாடு. அந்த முதல் டிராஃப்டில் முதலாவதாகப் பெயர் வாசிக்கப்பட்ட ஜே பெர்வாங்கர், என்.எஃப்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை!

அறிமுக ஆண்டு முடிந்ததும் ஒவ்வொரு அணியின் தேர்வுக்கும் மதிப்பெண் போடுவது அங்கே பத்திரிகைகளின் வருடாந்தரச் சடங்கு. 1998இல் முதல் தேர்வான பெய்ட்டன் மேனிங், அறிமுக ஆண்டில் 28 முறை பந்தை எதிரணியின் கையில் எறிந்தார். அறிமுக வீரர் ஒருவரின் மோசமான சாதனை அது. அவருடைய இண்டியானாபொலிஸ் அணி 16 ஆட்டங்களில் வென்றது மூன்று. மறு ஆண்டு அதே அணி 13 ஆட்டங்களில் வென்றது. மேனிங் பிறகு ஐந்து முறை லீகின் மிகச் சிறந்த வீரரானார். 2000இல் 199வதாகத் தேர்வான டாம் பிரேடி, முதல் ஆண்டு முழுக்க எறிந்த பந்துகள் மொத்தம் மூன்று. அவர் ஓய்வுபெற்றபோது கையில் ஏழு சாம்பியன் பட்டங்கள்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். ஆட்டக்களத்தில் முளைவிடவே சில பயிர்களுக்கு இரண்டு மூன்று பருவம் ஆகிறது.

காத்திருந்தவர்கள்

2017 டிராஃப்டிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. அந்த மார்ச்சில் சந்தோஷ் டிராஃபி இறுதியில் வங்காளத்துக்காக வெற்றி கோல் அடித்த மன்வீர் சிங்கை எஃப்.சி. கோவா எடுத்தது. அங்கே அவர் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர், கோல்களும் சொற்பம். முதல் ஆண்டுக் கணக்கில் அவர் தேறாதவர். 2020இல் கொல்கத்தா போன பிறகு நிரந்தர இடம் பிடித்தார். 2023 நவம்பரில் குவைத்தில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா 1-0 என்று வென்றது அவர் கோலால். அதே கோவா அணி எடுத்த பிரண்டன் ஃபெர்னாண்டஸ், பிற்பாடு அந்த அணிக்கே கேப்டனானார்.

நமக்கு நெருக்கமான பெயர் சென்னையின் நந்தகுமார் சேகர். சென்னை சிட்டி அணியில் ஆடிக்கொண்டிருந்த அவரை டெல்லி டைனமோஸ் எடுத்தது. அந்த அணி அந்த ஆண்டு எட்டாவது இடம். அவரைப் பற்றி அன்று யாரும் பெரிதாக எழுதவில்லை. அணி ஒடிசாவுக்கு இடம்பெயர்ந்தபோது அவரும் போனார். 2023 ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்காலுக்காக டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒற்றை கோல், கொல்கத்தாவின் பாதி ஊரை நள்ளிரவு வரை தூங்கவிடவில்லை. டிராஃப்ட் நாளிலிருந்து ஆறு ஆண்டுகள்.

எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. காரைக்குடி அருகே கண்டனூரில் பிறந்த சிவசக்தி நாராயணன் டிராஃப்ட் வழியாக வந்தவரல்ல. பெங்களூருவின் இரண்டாம்நிலை அணியில் ஆடி மேலே ஏறியவர். 2022 டூரண்ட் கோப்பை இறுதியில் முதல் கோல் அவருடையது. 2022-23 ஐ.எஸ்.எல்.லின் சிறந்த வளரும் வீரர் விருதும் அவருக்கே. மறு சீசனில் கோல் வரத்து குறைந்தது. உடனே 'அவ்வளவுதானா?' என்ற குரல்கள். முதல் ஆண்டின் நூற்றுக்கு நூறும் இப்படி ஒரு சுமைதான்.

என்னதான் அளவுகோல்?

முதல் ஆண்டு முடிவில் மதிப்பிடவே கூடாதா? கூடும்; எதை அளக்கிறோம் என்று தெரிந்தால். வீரர் எத்தனை நிமிடம் களத்தில் இருந்தார், அவருக்குக் கொடுத்த தொகைக்கு அதே இடத்தில் ஆடும் வேறு யார் கிடைத்திருப்பார், பயிற்சியாளர் அவரை அவருக்குரிய இடத்தில் ஆடவைத்தாரா, அணி அவரை அடுத்த ஆண்டும் வைத்துக்கொண்டதா. இந்த நான்கையும் முதல் ஆண்டிலேயே பார்க்க முடியும். வீரரின் உயரம் எது என்பதை மட்டும் பார்க்க முடியாது.

2017க்குப் பிறகு ஐ.எஸ்.எல்.லில் டிராஃப்ட் நடக்கவில்லை. அணிகள் வீரர்களோடு நேரடியாக ஒப்பந்தம் போடுகின்றன. ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வீரருக்குக் கிடைத்தது. ஆனால் ஓர் ஆண்டில் தராசில் ஏற்றும் வழக்கம் போகவில்லை. இதில் பாதிக்கப்படுவது அணி அல்ல. பத்து ஆண்டுகளே நீடிக்கும் தொழிலில் ஓர் ஆண்டை பெஞ்சில் கழித்த இருபது வயதுப் பையன்.

பெங்களூரு அல்சூர் பகுதியில் தமிழர்கள் நிறைந்த கௌதம்புரா, தெருவில் பெலேவுக்குச் சிலை வைத்த குடியிருப்பு. இந்த நகரம் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமனையும், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் அருமைநாயகத்தையும் தந்தது. இன்று இங்கே பந்து உதைக்கும் சிறுவனுக்குக் கால்பந்து ஒரு தொழிலாகலாம் என்ற நம்பிக்கை உண்டு. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். அமைப்பாளர்கள் அடுத்த சீசனை நிறுத்திவைத்தபோது, ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி.யே முதல்நிலை வீரர்களின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தியபோது, அந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று தெரிந்தது.

லீகே நிச்சயமில்லாதபோது அணிகள் நீண்ட ஒப்பந்தம் போடத் தயங்கும். ஒப்பந்தம் சுருங்கினால், மன்வீருக்கும் நந்தகுமாருக்கும் கிடைத்த மூன்றாம், நான்காம் ஆண்டுகள் அடுத்து வருகிறவர்களுக்குக் கிடைக்காது. அணிகளுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள், முதல் ஆண்டில் சொதப்பிய எத்தனை பேருக்கு இரண்டாம் ஆண்டு கொடுத்தார்கள் என்பதற்கும் ஒரு கட்டம் ஒதுக்கலாம்.