மரவேலைப் பொறியும் வரைபடக் கோப்பும்

தச்சுத் தொழில் மிகப் பழமையானது. அதன்கண் கணக்குப் புகுந்ததும் பழமையே. ஆயினும், எண்கள் ஏவியவாறு உளி நடக்கும் நிலை அண்மைக் காலத்தது. 1952-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், துளையிட்ட நாடாவிற் பதித்த எண்களைக் கொண்டு உலோகம் செதுக்கும் பொறியொன்றை இயக்கிக் காட்டினர். அதன் வழித்தோன்றல்களே இன்று சமையலறை அலமாரிகளையும் புத்தக அடுக்குகளையும் அறுத்துத் தரும் சி.என்.சி. ரௌட்டர்கள். எட்டடி நீளமும் நான்கடி அகலமுமுள்ள பிளைவுட் பலகையொன்று மேசைமேற் கிடத்தப்பெறும். அதன்மேல், விரைந்து சுழலும் பிட் என்னும் வெட்டுமுனை, நெடுக்கும் குறுக்கும் மேலுங்கீழுமாக இயங்கி, வேண்டிய உறுப்புக்களை வெட்டியெடுக்கும்.

அப்பொறிக்குப் படம் பார்க்கத் தெரியாது. இவ்விடத்திற்குச் செல், இவ்வளவு இறங்கு, இவ்வேகத்தில் நகர் என்று வரிவரியாகச் சொல்லும் ஜி-கோடு என்னும் ஏவல் மொழியையே அஃது அறியும். படத்தை வரைவது ஒரு மென்பொருள். படத்தினின்று ஏவலை ஆக்குவது கேம் எனப்படும் மற்றொரு மென்பொருள். முன்னதினின்று பின்னதற்குக் கோப்பு செல்லும் நிகழ்ச்சியைத் தொழிலாளர் ‘இம்போர்ட்’ என்பர். ஒரு பொத்தானை அழுத்துவதோடு முடிவதுபோலத் தோன்றும் அச்செயலைக் குறித்தே யாம் ஈண்டு விளக்கப் புகுந்தோம். தமிழ் பயில்வார்க்கு இதில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். ஒருவர் கருதி எழுதியதை மற்றொருவர் வழுவின்றிப் படித்தறிவது எங்ஙனம் என்பதே இதன் உட்பொருளாகலின், எம் வேலை இதில் இல்லாமற் போகவில்லை.

இவ்வழியிற் பெரிதும் வழங்குவது டி.எக்ஸ்.எஃப். என்னும் கோப்பு முறை. ஆட்டோடெஸ்க் நிறுவனத்தார் 1982-இல் தம் ஆட்டோகேட் மென்பொருளுடன் இதனை வெளியிட்டனர். இதன் எழுத்து வடிவத்தைச் சாதாரணக் குறிப்பேட்டு மென்பொருளிலே திறந்தும் படிக்கலாம். ஒரு வரியிற் குறியெண், அடுத்த வரியில் அதன் மதிப்பு என இணையிணையாகச் செல்லும். 0 என்ற குறியெண்ணின் கீழ் அஃது வட்டமோ கோடோ என்பது இருக்கும். 8 என்பதன் கீழ் அது சேர்ந்த லேயரின் பெயர். 10, 20 என்பவற்றின் கீழ் இருக்கும் இடம். வட்டமாயின் 40 என்பதன் கீழ் அதன் ஆரம். இவ்வளவே. அவ்வட்டம் கீலுக்குரிய குழியா, தட்டைத் தாங்கும் ஆணிக்குரிய துளையா, அன்றி வெறும் அலங்காரமா என்பதற்கு அங்கே விடையில்லை. ஏட்டுச் சுவடிகளிற் புள்ளியும் எகர ஏகார வேறுபாடும் காட்டாது எழுதிச் சென்றனர் முன்னோர். படிப்போர் இடம் நோக்கி அவற்றை நிரப்பிக்கொண்டனர். இக்கோப்பும் ஒருவாற்றான் அத்தகையதே. ஆனால் இங்கே படிக்கும் பொறி எதனையும் தானே நிரப்பிக்கொள்ளாது.

முதற்கண் அளவு. கோப்பில் 720 என்றிருக்கும், 720 எது? மில்லிமீட்டரா, அங்குலமா? தலைப்பகுதியில் இதனைச் சுட்டும் குறிப்பொன்று உண்டு. 1 எனின் அங்குலம், 4 எனின் மில்லிமீட்டர். அக்குறிப்பு இல்லாமலும், பிழையாகவும் கோப்புக்கள் வருவதுண்டு. 720 மில்லிமீட்டர் உயரமுள்ள அலமாரிப் பக்கப் பலகையை அங்குலமென்று கொண்டால் அறுபதடி உயர்ந்து கோபுரமாகிவிடும். மாறாக, 24 அங்குலப் பலகை 24 மில்லிமீட்டராகி நெருப்புப் பெட்டியுள் அடங்கும். இப்பிழை பெரிதாகையால் கண்ணிற்கு உடனே புலனாகும். இதனால் உண்மையிற் கெடுவோர் சிலரே.

கண்ணிற்குப் புலனாகாத பிழைகளே அஞ்சத்தக்கன. நான்கு கோடுகள் கூடிச் சதுரமாகத் தோன்றும். ஆனால் ஒரு மூலையில் முனைகள் மயிரிழையளவு தொடாதிருக்கும். மனிதன் அதனைச் சதுரமென்பான். மென்பொருளோ நான்கு தனிக் கோடுகளென்னும். எல்லை மூடாத உருவிற்கு உள்ளும் புறமும் இல்லையாதலின், எப்பக்கம் வெட்டுவதென்று அதற்கு விளங்காது. ஒரு கோட்டின்மேல் அதே கோடு மீண்டும் வரையப்பட்டிருந்தால், பிட் ஒரு வழியில் இருமுறை சென்று விளிம்பைத் தீய்க்கும். ஆதலின் கோப்பை ஏற்றியவுடன் முனைகளை இணைத்தலும் இரட்டைக் கோடுகளை நீக்கலும் முதற்கடன்.

அடுத்தது ஆழம். எம் கருத்தில் இதுவே யாவற்றினும் பெரிது. தளப்படத்திற்கு நீளமும் அகலமும் உண்டு, ஆழமில்லை. அலமாரிக் கதவில் மறைகீல் பொருந்த 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக்குழி வேண்டும். 18 மில்லிமீட்டர்க் கதவில் அஃது ஏறத்தாழ 13 மில்லிமீட்டரே இறங்குதல் வேண்டும். யாம் கண்ட பட்டறையொன்றில், ஒரே பலகையினின்று எடுத்த ஆறு கதவுகளிலும் அக்குழிகள் மறுபுறம் வரை துளைத்துவிட்டன. படம் வரைந்தவர் தம் படம் சரியென்றார், பொறி நடத்தியவர் கோப்பின்படியே பொறி நடந்ததென்றார், இரண்டும் மெய்யே. முதிய தச்சர் ஒருவர் ஒரு கதவை வெளிச்சத்திற்கு எதிரே தூக்கிப் பிடித்து, “படத்தில் வட்டம் இருக்கிறது, தம்பி, ஆழம் எங்கே இருக்கிறது?” என்று எம்மைக் கேட்டார். இழப்பை யார் ஏற்பதென்ற வழக்கு அன்று மாலைவரை முடியவில்லை. பலகையின் விலை ஒருபுறமிருக்க, இத்தகைய நாளிற் கூலி கேட்கத் தயங்கி நிற்பவன் எப்பொழுதும் கடைநிலைத் தொழிலாளியே.

இதற்கு லேயர் என்னும் அடுக்குமுறை மருந்தாகும். முற்றும் அறுக்கவேண்டிய எல்லைக் கோடுகளை ஓரடுக்கிலும், கீற்குழிகளைப் பிறிதோரடுக்கிலும், பின்பலகை செருகும் காடியை வேறோரடுக்கிலும் பிரித்து வரைந்து, ஒவ்வொன்றின் பெயரிலேயே செயலையும் ஆழத்தையும் குறித்தல் வேண்டும். ‘கீற்குழி 13’ என்பது போல. கேம் மென்பொருளில் இப்பெயருக்கு இச்செயல் என்று ஒருமுறை விதித்துவிட்டால், பின்வரும் கோப்புக்கள் யாவும் அவ்விதியின்படி தாமே பகுக்கப்படும். ஆனால் இப்பெயர்களுக்கு உலகப் பொதுவான இலக்கணம் ஏதுமில்லை. வரைபவரும் வெட்டுபவரும் கூடியமர்ந்து ஒரு தாளில் எழுதி உடன்படுதலே வழி. இவ்வுடன்பாடில்லாத பட்டறையில் விலையுயர்ந்த மென்பொருளும் பயன்தராது.

இனிப் பிட்டின் பருமன். 6 மில்லிமீட்டர்ப் பிட்டின் நடுப்புள்ளி கோட்டின் மேலேயே சென்றால், ஒவ்வோர் ஓரத்திலும் 3 மில்லிமீட்டர் தேயும். 720-க்கு 560 என்ற பலகை 714-க்கு 554 ஆகும். ஆகவே எல்லைக்கு வெளியே நடக்கவும் துளைக்கு உள்ளே நடக்கவும் ஏவுதல் வேண்டும். தட்டாணித் துளையின் விட்டம் 5 மில்லிமீட்டராதலின் இப்பிட் அதனுள் நுழையவே மாட்டாது. அவ்வட்டங்களைத் துளைக்கருவிக்கு ஒதுக்க வேண்டும். இத்துளைகளை முன்விளிம்பினின்று 37 மில்லிமீட்டர் தள்ளி, ஒன்றற்கொன்று 32 மில்லிமீட்டர் இடைவெளியில் இடுதல் ஐரோப்பிய அலமாரி மரபு. வட்டமுனை சுழல்வதால் உள்மூலை ஒருபோதும் கூர்மையாகாது என்பதையும் மறத்தலாகாது. அங்கே பழைய உளிக்கு இன்றும் வேலையுண்டு.

இடப்பக்கப் பலகையும் வலப்பக்கப் பலகையும் ஒன்றுபோலத் தோன்றினும் கண்ணாடியில் எதிர்த்தோன்றும் உருவம் போன்றவை. துளைகள் இரண்டிலும் உட்புறமாக விழவேண்டும். ஒரே படத்தை இருமுறை வைத்து அறுத்தால் ஒன்று வீணே. காடியின் அகலமும் அத்தகையது. 18 என்று விற்கப்படும் பிளைவுட் உண்மையில் 17.5 அளவிலும் இருப்பதுண்டு. 18-க்கு வெட்டிய காடியில் அது ஆடும். பலகையைக் கவராயங்கொண்டு அளந்தபின்னரே படத்திலுள்ள எண்ணைத் திருத்துவர் தேர்ந்தோர்.

இவையெல்லாம் முடிந்தபின், மென்பொருளின் திரையில் வெட்டுமுறையை நடத்திப் பார்த்து, பிட்டைப் பலகைக்கு மேலே உயர்த்தி வெறுங்காற்றில் ஒருமுறை ஓடவிட்டு, அதன்பின் ஒரேயொரு பலகையை மட்டும் அறுப்பர். அதன் உயரம் 720, அகலம் 560 என்று கண்டபின்னும் அமையாது, மூலைக்கு மூலை குறுக்கே அளப்பர். இரு குறுக்களவும் 912 மில்லிமீட்டராக ஒத்திருந்தாலன்றி அடுத்த பலகை மேசையேறாது.